தோள் நோவு: எண்ணெயா, இழுப்பா, பயிற்சியா?



சென்ற திங்கள் இப்பகுதியில் ரேஷன் அட்டை மாற்றுவது குறித்து எழுதினோம். அதன் பின்னர் நம் சங்கத்து அன்பர் பலர், குடும்பத்தார்க்குப் பயன்படும் உடல்நலச் செய்தி ஏதேனும் எழுதலாகாதா என்று கேட்டனர். எந்த நோயைப் பற்றி எழுதுவது என்று திருப்பிக் கேட்டபோது, பெரும்பாலோர் சொன்ன விடை ஒன்றாகவே இருந்தது. அதுவே தோள் வலி. ஆதலின் இத்திங்கள் அதனையே எடுத்துக்கொண்டோம்.

சாலையில் வாழும் நமக்கு இவ்விடை வியப்பளிப்பதன்று. திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய இவ்வங்காடி, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கின்றது. அன்று தொட்டு இன்று வரை இங்கு வந்து இறங்கும் அரிசியும் பருப்பும், வெங்காயமும் வெல்லமும், லாரியிலிருந்து கடைக்குள் செல்வது மனிதரின் தலையிலும் தோளிலும் ஏறித்தான். சுமை தூக்குவோரை விட்டாலும், கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவர், நாள் முழுதும் வடைச் சட்டியின் முன் நிற்பவர், குனிந்திருந்து நகை வேலை செய்பவர், நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி பிழியும் நம் சகோதரிகள், பூக்கட்டுவோர் என நம்மவர் செய்யும் தொழில்களுள் தோளை வருத்தாதது எது? தோள் நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் வாடகை நிற்கும். ஊருக்கு அனுப்பும் பணமும் நிற்கும். எனவே இது வெறும் நோய்ப் பேச்சன்று. குடும்பத்தின் வரவு செலவுப் பேச்சும் ஆகும்.

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். பார்சல்களின் எடையைப் பதிவேட்டில் எழுதுவது நம் கடமை. அவ்வெடையைச் சுமப்பவர் பிறர். ஆயினும் அறிந்தாரைக் கேட்டும், ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவுகளைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, வேண்டிய இடத்தில் ஆண்டும் எண்ணும் குறித்து, கீழே தருகின்றோம். இதனைப் படித்துத் தாமே மருத்துவம் செய்துகொள்ள வேண்டுமென்பது நம் கருத்தன்று. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பணமும் நாளும் செலவிடலாம் என்று எண்ணிப் பார்க்க உதவினால் போதும்.

தோளின் அமைப்பு

இடுப்பு மூட்டில் எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துள் அமர்ந்திருக்கின்றது. தோள் மூட்டின் அமைப்பு அவ்வாறன்று. பெரிய உருண்டையொன்று சிறு தட்டின் விளிம்பில் சாய்ந்து நிற்பது போன்றது அது. உருண்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தட்டைத் தொட்டிருக்கும். இவ்வாழமின்மையால்தான் கையை மேலும் கீழும் பின்னும் சுழற்ற முடிகின்றது. உருண்டை நழுவாமல் பிடித்திருப்பவை அதனைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும், அவற்றின் உள்ளே மூட்டைப் பொதிந்திருக்கும் உறையும் ஆகும். நீண்டநாள் தோள் நோவுகளுள் பெரும்பாலானவை இந்த நாண்களிலோ இந்த உறையிலோதான் பிறக்கின்றன. எலும்பு தேய்ந்துவிட்டது என்று பலர் கலங்குகின்றனர். தோளைப் பொறுத்தமட்டில் அது அத்துணைப் பொதுவன்று.

வலி ஒன்று, நோய் பல

சிகிச்சைகளை ஒப்பிடுவதன் முன்னர், எந்த நோய்க்கு என்று கேட்டல் வேண்டும். தோள் வலி என்னும் ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, உறைந்த தோள் என்பது. மூட்டின் உறை தடித்துச் சுருங்கிவிடுவதால் தோள் இறுகிப் போகின்றது. 40 முதல் 60 வயதிற்குள், ஆடவரினும் பெண்டிர்க்கு மிகுதியாக வருகின்றது. முதலில் சில திங்கள் வலி மிகும். இரவில் அப்பக்கம் சாய்ந்து படுக்க இயலாது. அடுத்து வலி சற்றுத் தணியும். ஆயினும் தோள் அசையாது. பின்னர் மெல்ல மெல்ல இளகும். இம்மூன்று நிலைகளும் கடக்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். இப்பெயரை 1934இல் வழங்கியவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் என்பவர். சித்த வைத்தியர் இதனை ஒத்த நிலையைக் கும்பவாதம் என்பர்; ஆயுர்வேத வைத்தியர் அவபாகுகம் என்பர்.

இரண்டாவது, நாண் நோவு. கையைத் தோள்மட்டத்திற்கு மேல் பலகாலும் உயர்த்துவோர்க்கும் பாரம் தூக்குவோர்க்கும் வருவது. கையை உயர்த்துகையில் இடையில் ஓரிடத்தில் சுரீரென்று வலிக்கும்; அதனைக் கடந்துவிட்டால் குறையும்.

மூன்றாவது, தோளில் தோன்றினும் தோளைச் சாராத நோய்கள். கழுத்து எலும்புகளிடையே நரம்பு அழுந்தினால் வலி தோள் வழியே விரல் வரை இறங்கும். பித்தப்பைக் கோளாற்றால் வலத்தோள் வலிப்பதுண்டு. இருதய நோயால் இடத்தோளும் கையும் வலிப்பதை நேயர் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்.

முதலிரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தாமாகவும் திருப்ப இயலாது, பிறர் பிடித்துத் திருப்பினும் திரும்பாது எனின், உறைந்த தோளாக இருக்கக்கூடும். தாம் உயர்த்த முடியாத கையைப் பிறர் எளிதில் உயர்த்திவிட முடியுமெனின், நாண் நோவாக இருக்கக்கூடும். இது ஐயத்தை எழுப்பும் சோதனையே. உறுதி செய்பவர் டாக்டர்.

நெஞ்சடைப்பும் வியர்வையும் சேர்ந்த தோள் வலி, காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வரும் வலி, விழுந்தபின் கையைத் தூக்கவே இயலாமை, கையில் உணர்ச்சி குன்றல், காரணமின்றி உடல் இளைத்தல், கட்டி தென்படல் ஆகிய இவற்றுள் ஒன்றிருப்பினும் எண்ணெய், பயிற்சி என்று நாள் கடத்தாது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

எண்ணெயும் கிழியும்

நம்மவர் முதலில் நாடுவது இதனையே. திருவனந்தபுரத்தில் இருப்போர்க்கு இது இயல்புந்தான். 1889இல் தோன்றிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி நம் அங்காடிக்கு அண்மையிலேயே உள்ளது. தைலம் தேய்த்து உழிதல், இலைக்கிழி, ஞவரக்கிழி ஆகியவை தோளின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியை ஆற்றுகின்றன. அதனைப் பெற்றவர் பலர் அன்றிரவு நன்கு உறங்குகின்றனர். இது சிறு பயனன்று. ஆயினும் ஒரு சிகிச்சையை மற்றொன்றோடு நேருக்கு நேர் வைத்துப் பெருந்தொகையினரிடம் நிகழ்த்திய சோதனைகள் இத்துறையில் குறைவு. வெப்பத்தால் தசை தளர்ந்திருக்கும் அந்த அரைமணியில் கையை அசைத்துப் பயிற்சி செய்தால் பயன் நிலைக்கும்; எண்ணெய் தேய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் மறுநாள் பழைய நிலையே.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவால் தோல் மரத்தவர்க்குக் கிழியின் சூடு தெரியாது; புண்ணான பின்னரே தெரியும். அத்தகையோர் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வர்மமும் இழுப்பும்

1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்வூரோடு ஒரே ஆட்சியின் கீழிருந்த கன்னியாகுமரிப் பகுதி, வர்ம ஆசான்களுக்குப் பெயர்பெற்றது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அன்பர்கள், தோள் வலித்தால் ஆசானைக் காண ஊருக்கே சென்றுவிடுவர். பரம்பரையாய்க் கற்றுத் தேர்ந்த ஆசான் மென்மையாகத் தடவி இளக்குவார். முறிவோ மூட்டு விலகலோ ஐயப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து வருமாறும் சொல்வார். நாம் அஞ்சுவது அவரையன்று. ஒரே இழுப்பில் சரியாக்கிவிடுகிறேன் என்று சொல்லி, இறுகிய கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்குவோரையே அஞ்சுகின்றோம்.

நமக்குத் தெரிந்த தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இங்கு துணி தேய்க்கும் தொழில் செய்பவர். வயது ஐம்பதைக் கடந்தவர். ஐந்தாறு கிலோ எடையுள்ள கரிப்பெட்டியை வலக்கையால் இழுத்து இழுத்து, தோள் இறுகிவிட்டது. சட்டையின் கைக்குள் கையை நுழைக்க வீட்டாரின் உதவி வேண்டியதாயிற்று. யாரோ ஒருவரிடம் சென்றார். அவர் நால்வரைப் பிடித்துக்கொள்ளச் செய்து கையை முறுக்கித் தூக்கினாராம்.

"தம்பி, கண்ணிலே பொறி பறந்தது. பத்து நாள் சோற்றுக்கையை வாயருகே கொண்டுபோக முடியலே. வண்டியையும் மூடிட்டேன்" என்று அவர் நம்மிடம் கூறினார்.

"அண்ணாச்சி, இரத்தத்திலே சர்க்கரை பார்த்தீர்களா?" என்று கேட்டோம்.

"தோள் வலிக்கும் சர்க்கரைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தம் உண்டு. நீரிழிவுடையோர்க்கு உறைந்த தோள் வரும் வாய்ப்பு மற்றவரினும் பன்மடங்கு மிகுதி. அவர்க்கு நோய் நீடிக்கும் காலமும் மிகுதி. சில வேளைகளில் உறைந்த தோளே நீரிழிவின் முதல் அறிகுறியாய் அமைந்துவிடும். அண்ணாச்சிக்கும் அவ்வாறே ஆயிற்று. ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சர்க்கரை மிகுந்திருந்தது தெரிய வந்தது. தோளுக்கு வைத்தியம் தேடிச் சென்றதால், கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்ல நோயொன்று உரிய காலத்தில் வெளிப்பட்டது.

இழுப்புக்கும் மென்மைக்கும் உள்ள வேறுபாட்டை நெதர்லாந்து நாட்டில் ஆராய்ந்து 2004இல் முடிவு வெளியிட்டுள்ளனர். உறைந்த தோளுடைய 77 பேரை ஈராண்டு பின்தொடர்ந்து பார்த்தனர். ஒரு சாரார்க்கு வலியைப் பொருட்படுத்தாது வலிந்து நீட்டும் தீவிரப் பயிற்சி அளித்தனர். மற்றொரு சாரார்க்கு நோயின் இயல்பை விளக்கிச் சொல்லி, வலி பொறுக்கும் எல்லைக்குள் கையை ஊஞ்சல் போல ஆட்டவும் இயன்ற வேலைகளைச் செய்யவும் மட்டுமே சொன்னார்கள். ஈராண்டின் முடிவில், மென்மையாய் நடத்தப்பட்டவருள் 100க்கு 89 பேர் ஏறத்தாழ இயல்பான தோளைப் பெற்றனர். வலிந்து நடத்தப்பட்டவருள் 100க்கு 63 பேரே அந்நிலை எய்தினர். சிறு தொகையினரிடம் செய்த ஆராய்ச்சிதான். ஆயினும் முரட்டு இழுப்பால் நோய் விரைவில் தீரும் என்னும் நம்பிக்கைக்கு அது ஆதரவு தரவில்லை. வயது முதிர்ந்து எலும்பு மெலிந்தவர்க்கோ அவ்விழுப்பு எலும்பையே முறித்துவிடக்கூடும்.

மின் கருவிகள்

அடுத்து, பிசியோதெரபி நிலையங்களில் தோளின் மேல் வைக்கும் கருவிகள். ஒலியலைக் கருவி, மின்னதிர்வுக் கருவி, சூட்டுக் கதிர்க் கருவி எனப் பலவகை. படுத்திருக்கையில் கருவியே எல்லாம் செய்துவிடுவதால் நம்மவர்க்கு இதில் விருப்பம் மிகுதி. சுழல் தசை நாண் நோவுக்கு இக்கருவிகள் தரும் பயனைப் பற்றி அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீடொன்று, அவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு உறுதியான சான்று போதாது என்றே கூறுகின்றது. சிறிது நேரம் வலி தணியலாம். ஆனால் நாள்தோறும் கட்டணம் செலுத்திப் பத்து நாள் கருவி மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பயிற்சியும் கற்காமல் வீடு திரும்புவது நட்டமே. பிசியோதெரபி நிலையத்திற்குச் செல்வோர், எனக்கு என்ன பயிற்சி, எத்தனை முறை, எப்போது கூட்ட வேண்டும் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்காமல் எழுந்து வரலாகாது.

பயிற்சி

நாண் நோவுக்கு மருந்து பயிற்சியே என்பதில் இன்று பெரும்பாலும் கருத்து ஒற்றுமை உள்ளது. சுவீடன் நாட்டில் அறுவைக்காகக் காத்திருந்த 102 பேரிடம் நிகழ்த்திய சோதனை 2012இல் வெளியாயிற்று. தோளின் நாண்களுக்கும் தோள்பட்டைத் தசைகளுக்கும் படிப்படியாகப் பளுவேற்றும் பயிற்சியை மூன்று திங்கள் செய்தவருள் 100க்கு 20 பேரே பின்னர் அறுவையை வேண்டினர். பொதுவான அசைவுப் பயிற்சி மட்டும் செய்தவருள் 100க்கு 63 பேர் வேண்டினர்.

எனின், நாள்தோறும் பிசியோதெரபி நிலையம் செல்ல இயலாத ஏழைத் தொழிலாளி என் செய்வது? அவர்க்கு ஆறுதல் தரும் செய்தி 2021இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. 708 பேரிடம் நடத்திய பெருஞ்சோதனை அது. ஒரு சாரார் ஆறு முறை வரை வல்லுநரைக் கண்டு பயிற்சி பெற்றனர். மற்றவர் ஒரே ஒரு முறை கண்டு, அறிவுரையும் எளிய பயிற்சிகளும் கற்று, வீட்டிலேயே செய்துவந்தனர். ஓராண்டு முழுதும் பார்த்தபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். ஆதலின், நல்ல வல்லுநர் ஒருவரை ஒரு முறையேனும் கண்டு முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் விடாது செய்பவர், கட்டணம் கட்டிப் பல நாள் செல்பவர்க்குப் பின்தங்கியவர் ஆகார்.

ஊசியும் அறுவையும்

மூட்டினுள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். உறைந்த தோளின் முதல் நிலையில், வலியால் உறக்கமிழந்தவர்க்கு அது துணை செய்யும். அந்த இடைவேளையில் பயிற்சியைத் தொடங்கலாம். நீரிழிவுடையோர்க்கு ஊசியின் பின் சில நாள் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் அதனைச் சொல்லியே போட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவையைப் பற்றி இரு சோதனைகள் குறிக்கத்தக்கவை. நாண் நோவுக்கென எலும்பின் அடிப்புறத்தைச் செதுக்கும் அறுவையை, தோலைத் திறந்து கருவியை உள்ளே செலுத்தி ஒன்றும் செய்யாது மூடிய போலி அறுவையோடு இங்கிலாந்தில் ஒப்பிட்டனர். 2018இல் வெளியான முடிவின்படி இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. உறைந்த தோளைப் பொறுத்தவரை, அந்நாட்டிலேயே 503 பேரிடம் நிகழ்த்தி 2020இல் வெளியிட்ட சோதனையில் மூன்று முறைகளை ஒப்பிட்டனர். மயக்கமருந்து கொடுத்துக் கையை அசைத்து இளக்குவது ஒன்று. துளையிட்டு உறையை அறுத்துவிடுவது மற்றொன்று. ஊசியோடு கூடிய முறையான பிசியோதெரபி மூன்றாவது. ஓராண்டின் பின் மூன்று சாராரும் நன்கு தேறியிருந்தனர். எதுவும் மற்றதினும் பெரிதாய் மேம்பட்டிலது. விபத்தில் நாண் அறுந்தவர் நிலை வேறு. அவர்க்கு அறுவை இன்றியமையாததாகலாம். ஏனையோர் நகை அடகு வைத்து அறுவைக்கு ஓடுவதன் முன்னர், சில திங்கள் பயிற்சி செய்து பார்ப்பதில் இழப்பொன்றுமில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

இவற்றைத் தொகுத்து நோக்கினால் நமக்குத் தோன்றும் தீர்ப்பு இது. உறைந்த தோளுக்கு மென்மையும் பொறுமையும். நாண் நோவுக்குப் படிப்படியாகப் பளுவேற்றல். எண்ணெயும் சூடும் ஊசியும் இவ்விரண்டிற்கும் துணை.

உறைந்த தோளுடையோர், நலமுள்ள கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, நோயுற்ற கையைக் கிணற்று வாளிக் கயிறு போலத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் வட்டமாகவும் மெல்ல ஆட்டலாம். காட்மன் பெயரால் வழங்கும் பயிற்சி இதுவே. சுவரின் எதிரே நின்று விரல்களால் சுவரில் மேலேறி, எட்டிய இடத்தில் கரிக்கோடு கிழித்து வைக்கலாம். வாரந்தோறும் கோடு உயர்வது காண மனத்திற்கு ஊக்கம் தரும். துண்டின் ஒரு நுனியை நலமுள்ள கையால் தோளுக்கு மேலும், மறுநுனியை மற்றக் கையால் முதுகின் கீழும் பற்றி, மெல்ல மேலே இழுக்கலாம்.

நாண் நோவுடையோர், முழங்கையை விலாவோடு ஒட்டிச் சைக்கிள் டியூப் துண்டொன்றைக் கதவுப் பிடியில் கட்டி, உள்ளும் வெளியுமாக இழுக்கலாம். அரைக்கிலோ அரிசிப் பையைப் பிடித்துக் கையைத் தோள்மட்டம் வரை உயர்த்தி, உயர்த்தியதினும் மெதுவாக இறக்கலாம். பத்து முறை எளிதானால் பதினைந்து; பதினைந்தும் எளிதானால் பையில் அரிசியைக் கூட்டலாம். பன்னிரண்டு வாரமேனும் செய்தாலன்றிப் பயனை மதிப்பிடலாகாது.

இரண்டிற்கும் பொதுவான அளவுகோல்: பயிற்சியின்போது சிறு வலி குற்றமன்று. அவ்வலி அன்று மாலைக்குள் தணிந்தால் தொடரலாம். இரவு உறக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். இரவில் கையின் கீழே தலையணை வைத்துப் படுத்தல் நலம்.

வேலையை என் செய்வது?

ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நாட்கூலிக்காரர் வீட்டில் அச்சொல் அடுப்பை அணைக்கும். தோளை முற்றிலும் அசைக்காது வைத்திருப்பது அதனை மேலும் இறுக்கும் ஆதலின், முழு ஓய்வு வேண்டுவதுமில்லை. வேலையின் முறையை மாற்றினால் போதும். சுமை தூக்குவோர் மூட்டையைத் தனியே தோளுக்கு ஏற்றாது இருவர் பிடித்து ஏற்றலாம். சும்மாடு தடிமனாக வைக்கலாம். தோளை மாற்றி மாற்றிச் சுமக்கலாம். உந்துவண்டி செல்லும் இடத்தில் அதனைப் பயன்படுத்தலாம். வயது வந்த ஆடவர் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவிற்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967இலேயே பரிந்துரைத்தது. கேரளத்தில் சுமைத் தொழிலாளர்க்கென 1978இல் சட்டம் இயற்றப்பட்டு, நலவாரியமும் அமைந்துள்ளது. அட்டை பெற்ற நம் அன்பர்கள் அதன் மருத்துவ உதவிகளை விசாரித்துப் பெறுதல் வேண்டும்.

நம் அண்ணாச்சி செய்தது என்னவெனில், தேய்க்கும் மேசையின் உயரத்தைக் குறைத்தார். கையை விலாவை விட்டு அகற்றாது தேய்க்கப் பழகினார். கனத்த துணிகளை மகனிடம் ஒப்படைத்தார். பதினான்கு திங்களாயிற்று. இப்பொழுது சட்டையைத் தாமே அணிகின்றார். முதுகு தேய்க்க மட்டும் இன்னும் முழுதும் எட்டவில்லை என்கின்றார். சர்க்கரை மாத்திரையை விடாது உண்கின்றார்.

ஆஸ்பத்திரியில் பேசும் மொழி

ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும், 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கும் செல்லும் நம் பெண்மணிகள், மலையாளம் சரிவர வாராமையால் வலியை முழுதும் சொல்லாமலே திரும்பிவிடுகின்றனர். சில சொற்களை அறிந்திருத்தல் நலம். கையைத் தூக்க முடியவில்லை என்பதற்கு, "கை பொக்கான் வய்யா" எனலாம். மரத்துப் போதலை "மரவிப்பு" என்பர். வேதனை என்பது அங்கு மனத்துயரன்று, உடல் வலியே. எண்ணெய் தேய்த்து உழிதலை "உழிச்சில்" என்பர். இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: டாக்டர் "பிரமேகமுண்டோ?" என்று கேட்டால் நம்மவர் முகம் சிவந்து, அப்படியெல்லாம் இல்லை என்று உறுதியாய் மறுத்துவிடுகின்றனர். தமிழில் மேகநோய் என்பது வெளியிற் சொல்லக் கூசும் நோயைக் குறிப்பதே காரணம். மலையாளத்தில் பிரமேகம் என்பது நீரிழிவே ஆகும். உண்டெனின் உண்டென்று கூசாது சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கின்றோம். இங்கு சிகிச்சை தொடங்கி, கொடைக்கும் திருவிழாவுக்கும் ஊர் சென்று, அங்கே வேறு வைத்தியம் தொடங்கி, மீண்டும் இங்கு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். ஊருக்குப் போகையில் எக்ஸ்ரே படத்தையும் மருந்துச் சீட்டையும் பயிற்சிகள் எழுதிய தாளையும் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். கையை ஆட்டுவதற்கு ஊரிலும் இடமுண்டு. ரயிலில்கூட இருக்கையில் அமர்ந்து செய்யத்தக்கவை உள. ஓராண்டு நீளும் நோய்க்கு ஒரு வார மருத்துவத்தை நான்கு இடங்களில் செய்வதினும், ஒரே முறையை நாள்தோறும் கால்மணி நேரம் செய்வதே நன்று.

அடுத்த திங்கள், வெளியூரில் படிக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் பற்றி எழுத எண்ணியுள்ளோம். ஐயங்கள் உள்ளோர் சங்கக் காரியாலயத்தில் எழுதிக் கொடுக்கலாம்.